தாம்பாளத்துக்குக் கைப்பிடி கிடையாது

நேற்று பெங்களூரிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். பிரித்தால் உள்ளே மரத்தில் செய்த ஒரு ட்ரே. இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. போன முறை வந்திருந்தபோது, சமையலறையிலிருந்து முன்னறைக்கு டீ எடுத்து வரும் என் கை நடுங்குவதை அவன் பார்த்துவிட்டான். ஊருக்குப் போய் இதை அனுப்பியிருக்கிறான். பெட்டியின் மேல் பல மொழிகளில் பெயர் அச்சிட்டிருந்தது. தமிழில் என்ன போட்டிருந்தது தெரியுமா? ‘சேவை தட்டு.’

சிரித்துவிட்டேன். “சேவை பிழியற தட்டமா புள்ள?” என்று நீ கேட்பது காதில் விழுந்தது. சிரித்த வேகத்தில் போனை எடுத்து உன் எண்ணைத் தொட்டும் விட்டேன். மணி அடித்தது. எடுத்தது உன் மருமகள். “சொல்லுங்க பெரியத்தை” என்றாள். என்ன சொல்வது? கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லி வைத்தேன். ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்க இந்த மலையில் எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்.

அதனால் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியும் இருக்கிறது. நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நீ போகும் நாளில் உன்மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான் கொண்டுவர வேண்டும் என்றாய். அன்று நீ உன் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தாய் என்றாலும் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. வேறு யார் சொன்னாலும் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். நான் நடந்தபடி சொல்கிறேன்.

ஆனால் அதைச் சொல்ல, நம் கான்வெண்டின் அந்த மாடி வகுப்பறையிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டு நிர்வாகப் பாடம். சிஸ்டர் மேசை மேல் ஒரு ட்ரேயை வைத்து, அதில் லேஸ் துணி விரித்து, டீ பாட் எங்கே, பால் ஜாடி எங்கே, கோப்பையின் காது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். வெளியே மூடுபனி, ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. முடித்துவிட்டு, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டார். முதல் பெஞ்சுக்காரியான நான் எழுந்து “தட்டு, சிஸ்டர்” என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதான்.

சிஸ்டர் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார். உன் அப்பா கீழ்க்கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கான்வெண்டில் படிக்கும் எஸ்டேட் பங்களாப் பெண்களுக்கு நடுவில் உன்னுடைய ஆங்கிலம் தனியாகத் தெரியும். நீ அதற்கெல்லாம் கூசியதே இல்லை. “நோ சிஸ்டர். தட்டு ஈஸ் ஃபார் ஈட்டிங். ஃபார் கிவ்விங், தாம்பாளம்” என்றாய். அப்படியானால் இது தாம்பாளமா என்று அவர் ட்ரேயைக் காட்டினார். “நோ சிஸ்டர். தாம்பாளம் ஹேஸ் நோ ஹேண்டில்.”

ஏன் கைப்பிடி இல்லை? சிஸ்டருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு பெஞ்சுகளைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்து நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தாய். உன் கைகளையும் அதேபோல் நீட்டி என் விரல் நுனியில் இடித்தாய். “ஒன் கேர்ள் கிவ், ஒன் கேர்ள் டேக். ஃபோர் ஹேண்ட்ஸ், சிஸ்டர்.” அவர் தலையசைத்துக்கொண்டு, கிவ்ஸ், டேக்ஸ் என்று திருத்தினார். மற்றதைத் திருத்தவில்லை.

எனக்கு உன் மேல் கோபம். நான் சொன்னது தப்பு என்று வகுப்பில் யாரும் அதுவரை சொன்னதில்லை. சாயங்காலம் உன் அப்பாவின் கடை வழியாகப் போகும்போது என்னை உள்ளே இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாய். உன் அப்பா யார் வந்து தாம்பாளம் கேட்டாலும் முதலில் “எதுக்குங்க?” என்றுதான் கேட்பார். ஆரத்திக்கு ஒன்று, வெற்றிலை பாக்குக்கு ஒன்று, சீருக்கு ஒன்று. சீருக்கு என்றால் அடி சமமாக உட்கார வேண்டும். தரையில் வைத்து விளிம்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஆடினால் அலமாரிக்கே திருப்பி வைத்துவிடுவார். “வட்டல்ல திங்கறோம், தட்டத்துல கொண்டாறோம், தாம்பாளத்துல குடுக்கறோம். வெளங்குச்சா மிஸ்ஸு?” என்றாய். அன்று தொடங்கியது அந்த மிஸ்ஸு. நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் எடுக்காதவள். கடைசிவரை எனக்கு அதுதான் பெயர்.

எனக்குக் கல்யாணமாகி, குன்னூருக்கு அந்தப்பக்கம் எஸ்டேட்டுக்குப் போனேன். அவர் அங்கே தொழிற்சாலையில் டீ மேக்கர். பெரிய பங்களாவில் விருந்து என்றால் எங்களையும் அழைப்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் ட்ரேயை ஏந்தி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் தலையசைத்தால் போதும், ட்ரே அடுத்தவரிடம் போய்விடும். யாருக்கும் மனசு வருந்தாது. ஒவ்வொரு முறையும் எனக்கு உன் நினைவு வரும். தாம்பாளம் அப்படி அடுத்தவரிடம் போகாது. அது ஒருவர் பெயருக்கு வருகிறது. கை நீட்டி வாங்கவில்லை என்றால் வந்தவரையே வேண்டாம் என்றதாகிவிடும்.

உன்னை ஊட்டியில் காய்கறி மண்டிக்காரர்கள் வீட்டில் கொடுத்தார்கள். சோலூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் கேரட் மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருக்கும் வீடு. மூன்று ஓரகத்திகள். பொங்கலன்று ஒவ்வொருத்தியின் பிறந்த வீட்டிலிருந்தும் சீர்த் தாம்பாளம் வரும். அதை அவரவர் இடத்தில் கூடத்தில் இறக்கி வைப்பார்கள், வருகிறவர் போகிறவர் பார்க்க. உன் அப்பா இருந்தவரை உன் தாம்பாளம்தான் பெரியது. பாத்திரக்கடைக்காரர் பெண் ஆயிற்றே. அம்மா சின்ன வயதிலேயே போயிருந்தாள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பாவும் ஒரு மார்கழியில் போனார். கடை உன் சித்தப்பா பக்கம் போயிற்று. அவர்கள் உன்னை அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

தலைத்திவசம் கழிந்து வந்த பொங்கலில் உன் இடம் வெறுமையாக இருந்தது. நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் கடைவீதியில் பார்த்தபோது, “இந்த வருசம் கூடம் கூட்டறதுக்கு நல்லா சுளுவா இருந்துச்சு புள்ள, என்ற பக்கம் சாமானே இல்ல” என்று சிரித்தாய். எனக்குப் புரிய அந்தச் சிரிப்பே போதும். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார் என்று உனக்குத் தெரியும். “அடுத்த பொங்கலுக்கு நாம் கொண்டு போனால் போகிறது” என்றார்.

அப்படித்தான் அடுத்த தை முதல் நாள், மடியில் தாம்பாளத்தோடு ரயிலேறினேன். சேலை, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, தேங்காய், பழம். கடைசி நேரத்தில் அவர் ஒரு பொட்டலம் புதுத் தேயிலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிறந்த வீடு மலையில்தான் இருக்கிறது என்று தெரியட்டும் என்றார். லவ்டேல் தாண்டும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எந்த முறையில் போகிறேன்? உறவில்லை, ஒரே சனமும் இல்லை.

உன் மாமியார்தான் கதவைத் திறந்தார். “யாருங்க?”

“பாத்திரக்கடைக்காரரு புள்ளைக்குப் பொறந்த ஊட்டுல இருந்து வர்றேனுங்க.”

“அவளுக்கு இப்பப் பொறந்த ஊடு ஏதுங்க? அப்பனும் போயிட்டாரு, கடையும் போயிருச்சு.”

“நான் இருக்கறேனுங்களே” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இதென்ன, கான்வெண்டுச் சீருங்களா?” என்றார். பின்னாலிருந்து உன் ஓரகத்திகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது நீ சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாய். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் உன் கைகளைத் தாம்பாளத்தின் அடியில் கொடுத்தாய். தண்ணீரில் கிடந்த விரல்கள், பனிக்கட்டிபோல் என் விரல்மேல் பட்டன. வாங்கிக்கொண்டே என் காதருகில் குனிந்து, “ஏம்புள்ள, தாம்பாளத்துக்குப் பாவாட கட்டி உட்ருக்கற?” என்றாய்.

அப்போதுதான் பார்த்தேன். பழக்க தோஷத்தில் சீருக்கு அடியில் லேஸ் துணி விரித்திருக்கிறேன். நானே பின்னியது, நான்கு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிரிப்பை அடக்கி நாம் இரண்டு பேரும் குலுங்கியதில் தேங்காய் உருண்டு விழப் பார்த்தது.

அன்று தொடங்கி ஒரு பொங்கல்கூட விடவில்லை. என் தாம்பாளம் வந்தால்தான் உன் மாமியார் பொங்கல் பானையை இறக்குவார் என்ற அளவுக்கு வந்துவிட்டது. “கான்வெண்டு வந்துருச்சா?” என்று கேட்பாராம்.

பிறகு என் வீட்டுக்காரர் போனார். ஒரு ஆடி மழையில், தொழிற்சாலையிலேயே சாய்ந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து குன்னூருக்கு இந்த வீட்டுக்கு வந்தேன். அந்தத் தைப்பொங்கலுக்கு நான் புறப்படவில்லை. துக்கத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அது இல்லை. ஒரு வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருத்தி முகத்தைத் திருப்பினால் அதைத் தாங்கும் பழக்கம் எனக்கில்லை. தாம்பாளத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

பொங்கலன்று பத்து மணி வாக்கில் உங்கள் மண்டி ஜீப் கேட்டுக்கு முன்னால் நின்றது. முட்டைக்கோஸ் வாடையோடு நீ இறங்கினாய். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

“தாம்பாளம் எங்க?”

“இந்த வருஷம் வேண்டாம்.”

“யாருக்கு வேண்டாம்? எனக்கு வேணும். அவளவளுக்கு வந்து எறங்கிக் கெடக்குது. எனக்கு மட்டும் வெறுந்தரையா?”

“என் கையால் இனிமேல்...”

“உன்ற கைக்கு என்ன? சொறியா, செரங்கா?”

நீயே நாற்காலி போட்டு ஏறி எடுத்தாய். என் சமையலறையைக் குடைந்து அரிசியையும் வெல்லத்தையும் வைத்தாய். சேலை வாங்கவில்லை என்றேன். என் பீரோவைத் திறந்து, நான் இனிமேல் கட்டப் போவதில்லை என்று ஒதுக்கியிருந்த அரக்குப் பட்டை எடுத்து வைத்தாய். “இதுதான் எனக்கு வேணும். வருசமாக் கண்ணு வெச்சிருந்தேன்” என்றாய். ஜீப்பில் வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய், நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

உன் மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. என் நெற்றியைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், படியை விட்டு நகரவில்லை. நீ எனக்கு முன்னால் போய் நின்றாய்.

“ஏனுங்கத்தை, எங்கப்பனுக்கு முந்தி எங்கம்மா போயிட்டா. அவ இருந்து, எங்கப்பன் மொதல்ல போயிருந்தா, எங்கம்மா எனக்குச் சீர் கொண்டாந்திருப்பாளே. அவளையும் இப்படித்தான் வாசல்ல நிறுத்தியிருப்பீங்களா?”

உள்ளே ஓரகத்திகளின் பேச்சு நின்றுபோயிற்று. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. பிறகு அவர் படியிலிருந்து ஒதுங்கி, உன்னிடம், “காப்பி குடிச்சுப்போட்டுப் போகச் சொல்லு” என்றார். வாங்க என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் என் கையைப் பார்க்கவில்லை. அந்த அரக்குப் பட்டு கிழியும்வரை நீ அதைக் கட்டினாய். உன் மகன் கல்யாணத்துக்கு, உன் பிறந்த வீட்டுச் சீர் என்று மேடையிலேயே என் தாம்பாளத்தை வாங்கினாய்.

போன வருஷம் உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நான் வந்திருந்த ஒரு பகலில் உன்னை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் கம்பளித் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது போய் வருஷங்களாகிவிட்டன. நீ என்னைக் கிட்டே இழுத்து உட்கார வைத்தாய்.

“எனக்கு ஒண்ணு செய்யோணும் நீ.”

“முதலில் மாத்திரையைப் போடு.”

“கேளு மிஸ்ஸு. பொறந்த ஊட்டுக் கோடி யாருன்னு அன்னைக்குக் கூப்புடுவாங்க. ஆளில்லாம நான் கெடக்கக் கூடாது. நீதான் கொண்டாரோணும். அதுவும் சீர்தான்.”

இதெல்லாம் பேசாதே என்றேன். நீ கேட்கவில்லை.

“மயில்கழுத்துப் பச்ச. பார்டர் சின்னதா இருக்கோணும். பெரிய பார்டர் போட்டா நான் குள்ளமாத் தெரிவேன்.”

“படுத்திருக்கிறவளுக்கு உயரம் எதற்கு?” என்றேன்.

நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும், “தாம்பாளத்துல கொண்டா. பாவாட வேண்டாம்” என்றாய். சரி என்றேன். கையில் அடித்துக் கொடுக்கச் சொன்னாய், கொடுத்தேன். அடுத்த வாரமே கோயமுத்தூர் போய் அந்தப் பச்சையை வாங்கி வந்தேன். பீரோவின் அடியில் வைத்து, அது மடிப்பிலேயே இற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐப்பசி மழைகூட முடியவில்லை, நீ போய்விட்டாய்.

இனி நீ கேட்க வேண்டியதைச் சொல்கிறேன்.

அன்று நல்ல மழை. வாடகைக் காரில் வந்தேன். மடியில் தாம்பாளம், அதில் உன் சேலை, மஞ்சள், குங்குமம், மல்லிகை. உன்னைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முன்பு தாம்பாளங்கள் வந்து இறங்கும் அதே இடம். உன் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் பேசுவதற்கெல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நடத்தியது அவருடைய அண்ணன்தான். “பொறந்த ஊட்டுக் கோடி யாருங்க? வாங்க” என்று குரல் கொடுத்தார்.

நான் எழுந்தேன். என்னோடு இன்னொருவரும் எழுந்து வந்தார். உன் சித்தப்பா மகன். நரைத்துப்போயிருந்தார், எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. நான் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

உன் வீட்டுக்காரரின் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரத்தபந்தம் வந்திருக்கறப்ப அவங்க போடறதுதானுங்க மொறை.”

“இத்தனை வருஷமும் இவளுக்குப் பொறந்த ஊட்டுச் சீர் நான்தானுங்க கொண்டு வந்தேன்.”

“அது உங்க பிரியமுங்க. இது வேறைங்க.”

“அவளே கேட்டதுங்க. என் கையில் அடித்து வாங்கிய சத்தியம்.”

“இருக்கட்டுங்கம்மா. மழை வலுக்குது, நேரமாவுது.”

இன்னும் பேசியிருப்பேன். எனக்குப் பேசத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ அங்கே மூக்கில் பஞ்சோடு கிடந்தாய். உன் தலைமாட்டில் நின்று உனக்காகச் சண்டை போடுவது எப்படி? இப்போது நீ எழுந்து வந்து அவருக்கு ஒரு பதில் சொல்வாய் என்று, நம்பமாட்டாய், ஒரு கணம் காத்துக்கொண்டு நின்றேன்.

உன் சித்தப்பா மகன் பையிலிருந்து சேலையை உருவிப் போர்த்தினார். சிவப்பு. கையகலத்துக்குப் பார்டர். நீ சொன்னது சரி. குள்ளமாகத்தான் தெரிந்தாய்.

என் தாம்பாளத்துக்கு அடியில் யாரும் கை கொடுக்கவில்லை. யாரோ ஒரு பெண், எனக்குத் தெரியாதவள், அந்தப் பக்கமாக வந்து, பங்களா ட்ரேயிலிருந்து கோப்பையை எடுப்பதுபோல் பச்சைச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய், உன் காலடியில் கிடந்த மற்ற சேலைகளோடு போட்டாள். மஞ்சளும் குங்குமமும் பூவும் என் கையிலேயே நின்றன. சுவரோரமாகத் தாம்பாளத்தை இறக்கி வைத்தேன். உன்னைத் தூக்கும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. மற்ற பெண்கள் மாரடித்து அழுதார்கள். நான் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டது நடக்கவில்லை. இதைத்தான் நான் மாதக்கணக்காக உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன்.

ஆண்கள் போனபின் வீட்டைக் கழுவி விட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் புறப்பட வேண்டிய வீடு. அப்படியே படியிறங்கினேன். தாம்பாளத்தை எடுக்கவில்லை. அதைத் தொட எனக்கு மனமில்லை. காரருகில் போனபோது, “பெரியத்தை, நில்லுங்க” என்று உன் மருமகள் ஓடி வந்தாள். தலைக்குக் குளித்த ஈரம், சேலையெல்லாம் சொட்டச்சொட்ட. இரண்டு கையிலும் என் தாம்பாளம். கழுவித் துடைத்திருந்தாள். நடுவில் ஒரு கை சர்க்கரை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ அப்படித்தானே திருப்பிக் கொடுப்பாய், நிறைந்து வந்த தாம்பாளம் வெறுமனே போகக் கூடாது என்று. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் சாவு வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வரக் கூடாது. அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பின்னாலேயே உன் பெரிய ஓரகத்தி கத்திக்கொண்டு வந்தாள். “ஏ கூறுகெட்டவளே, எழவூட்டுல இருந்து தட்டத்துல சக்கரை வெச்சா அனுப்புவாங்க? கொட்டு அதை!”

உன் மருமகள் தாம்பாளத்தை இறக்கவில்லை. “அத்தை எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. பொறந்த ஊட்டுத் தாம்பாளத்தை ஒருநாளும் வெறுசா அனுப்பக் கூடாதுன்னு” என்றாள். மழையில் நின்று, கூடியிருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

நீ விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், விலக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் சாவுக்கு விலக்கு சொல்லித் தர யாருக்குத்தான் தோன்றும்? அவள் செய்தது தப்பு. முறைப்படி முழுத் தப்பு. வாழ்க்கையில் எத்தனை பேரின் பேச்சை, எழுத்தை, மேசை விரிப்பைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணை நான் திருத்தவில்லை. கைகளை நீட்டி அவள் கைகளுக்குக் கீழே கொடுத்தேன்.

“குடு கண்ணு” என்றேன்.

ஓரகத்தி திரும்பி உள்ளே போனாள். கார் கேத்தி வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் தாம்பாளத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி சரியாக மூடவில்லை, சாரல் உள்ளே வந்தது. சர்க்கரையின் ஒரு ஓரம் கரைந்து பாகாகி விளிம்பை நோக்கி ஓடியது. டிரைவர், “கொட்டிரலாங்களாம்மா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குமுன் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக் கூடாது. பின்கட்டில், ஈரத் துணியோடு, தகரக் கூரைக்கடியில் நின்று அந்தச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். டாக்டர் எனக்கு இனிப்பை நிறுத்திப் பல வருஷமாயிற்று. மிச்சம் வைக்கவில்லை. உன் வீட்டிலிருந்து எனக்குக் கடைசியாக வந்தது. அப்போதுதான் அழுதேன், வாய் நிறைய இனிப்போடு. கேட்பதற்கு யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் முன்னறையில் உன் படத்தைப் பார்த்து, “இவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?” என்று கேட்டாள். முன்பெல்லாம் கூடப் படித்தவள் என்பேன், சிநேகிதி என்பேன். சரியான சொல் அதுதான். வார்த்தை விஷயத்தில் நான் எப்படி என்பது உனக்குத் தெரியும்.

இந்த முறை, “எங்க ஊட்டுப் புள்ளதானுங்க” என்றேன். “ஊட்டியில கட்டிக் கொடுத்திருந்தோம்.”